பவளமும் மனிதர் கூட்டமும்

வாடைக் காற்று வீசத் தொடங்கியபின், கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை நீளும் கடற்கரையில் சில காலைப் பொழுதுகளில் ஒரு காட்சியைக் காணலாம். இரவெல்லாம் அலை ஒதுக்கிய குப்பைகளினிடையே, நீலக் கண்ணாடியில் ஊதிய குமிழிகளைப் போன்ற சிறு பொருள்கள் மணலில் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு குமிழியின் அடியிலும் நூல் போன்ற நீல இழைகள் நீண்டிருக்கும். செங்கற்பட்டிலிருந்து மத்ரஸா மாணவர் சிலரை நாம் ஒருமுறை அங்கு அழைத்துச் சென்றிருந்தபோது, அவர்களுள் இளையவன் ஒருவன் அக்குமிழியைக் கையிலெடுக்கக் குனிந்தான். வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "பாய், புள்ளையத் தொட வேணாம்னு சொல்லுங்க. சொறி அது. செத்துக் கெடந்தாலும் எரியும்" என்று குரல் கொடுத்தார்.

மீனவர் பொதுவாகச் சொறி என்று சொல்லும் பல வகையுள் இந்நீலக் குமிழி தனி இயல்புடையது. அது தனியொரு பிராணி அன்று; ஒரு கூட்டம். ஒரே முட்டையிலிருந்து கிளைத்த பல உறுப்பினர்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே வளர்ந்து, தமக்குள் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று காற்றடைத்த பையாகி மிதக்க வைக்கிறது. சில இரையைச் செரிக்கின்றன. சில இனத்தைப் பெருக்குகின்றன. சில நஞ்சேறிய இழைகளாகி இரையைப் பற்றுகின்றன. செரிப்பது கொட்டாது, கொட்டுவது செரிக்காது. இந்தக் கூட்டத்திற்கு நீந்திச் செல்லும் ஆற்றலும் இல்லை. குமிழியின் மேலுள்ள விளிம்பு பாய்போல் விரிய, காற்றும் நீரோட்டமும் தள்ளும் திசையில் அது செல்லும்.

இவ்விளக்கத்தைக் கேட்ட அம்மாணவன், "அப்படியானால் கொட்டுவது யார், ஹஜ்ரத்?" என்று வினவினான். அன்று நாம் ஏதோ சொல்லிச் சமாளித்தோம். எனினும் அவ்வினா நம்மை விடவில்லை. மனிதர் கூட்டத்தைக் கடலுயிர்க் கூட்டத்தோடு ஒப்பிட்டு நோக்கிய அறிஞரும் கலைஞரும் பலர் என்பதையும், அவ்வொப்புமை சில வேளை அழகையும் சில வேளை கேட்டையும் விளைத்தது என்பதையும் பின்னர்ப் படித்தறிந்தோம். நேயர்களோடு அதனைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடலில் கூடி வாழும் உயிர்களுள் மனிதன் நெடுங்காலமாக அறிந்தது பவளமே. பழந்தமிழர் அதனைத் துகிர் என்றனர். பவளக்கொடி என்ற சொல்லே அதனைக் கடலடியில் படரும் செடியாகக் கருதிய எண்ணத்தைக் காட்டும். நகை செய்யும் செம்பவளம் நம் கரையில் விளைவதன்று. மத்தியதரைக் கடலிலிருந்து வந்தது. கிரேக்க மாலுமி எழுதிய பெரிப்ளூஸ் என்னும் முதல் நூற்றாண்டு நூல், சேர நாட்டுத் துறைமுகங்களில் இறங்கிய சரக்குகளுள் பவளத்தையும் குறிக்கிறது. சென்னை ஜார்ஜ் டவுனில் உள்ள பவழக்காரத் தெரு, ஆங்கிலேயர் காலத்தில் செழித்த அவ்வாணிகத்தின் நினைவைத் தாங்கி நிற்கிறது.

திருமறையின் அர்ரஹ்மான் அத்தியாயம் முத்தையும் மர்ஜானையும் இறைவனின் அருட்கொடைகளாக இணைத்துச் சொல்கிறது. மர்ஜான் என்பது சிறு முத்தா, செந்நிறப் பவளமா என்பதில் முஃபஸ்ஸிர்கள் கருத்து வேறுபட்டனர். பாரசீக அறிஞர் நிஜாமீ அரூழீ ஸமர்கந்தீ 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய 'சஹார் மகாலா' என்னும் நூலின் முன்னுரையில், படைப்பினங்களைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும்போது, கனிமங்களின் கடைசிப் படியில் பவளத்தை வைக்கிறார். மண்ணிலிருந்து உயர்ந்து வந்த கனிம உலகம் பவளத்தில் வந்து தாவர உலகைத் தொடுகிறது என்பது அவர் கருத்து. தமிழர் செடி என்றனர். அவர் செடியாகத் தொடங்கும் கல் என்றார். உள்ளே குடியிருந்த உயிர்களை எவரும் கண்டாரில்லை.

அவற்றைக் கண்டவர் மார்சேல் நகரத்து மருத்துவர் பெய்சொனேல். 1720-களில் வட ஆப்பிரிக்கக் கரையில் பவளம் எடுப்போரோடு கடலில் சென்று, நீரினுள் விரிந்து நின்ற பவள 'மலர்களை' அவர் உற்று நோக்கினார். தொட்டால் சுருங்கின, மீண்டும் விரிந்தன. இவை மலர்களல்ல, சிறு பிராணிகள் என்று பாரிஸ் அறிவியல் கழகத்திற்கு எழுதினார். கழகத்தின் பெரும்புள்ளியான ரேயோமூர் இதனை நம்பவில்லை. 1727-இல் இக்கருத்தைக் கழகத்தில் எடுத்துரைத்து மறுத்தபோது, இப்படிச் சொன்னவர் இன்னார் என்று வெளியிடுவது அவருக்கு இழுக்காகும் என எண்ணிப் பெயரையே மறைத்துவிட்டார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்தே பெய்சொனேல் சொன்னது உண்மை என்று உலகம் ஏற்றது.

பவளக் கூட்டமும் நீலச் சொறியைப் போலவே கிளைத்துப் பெருகுவதுதான். ஆயினும் வேறுபாடு பெரிது. பாறை கட்டும் பவளத்தில் ஒவ்வொரு சிற்றுயிருக்கும் தனக்கென வாயும் வயிறும் உண்டு. தனக்கென ஒரு சிறு கல்லறையும் உண்டு. அடுத்த வீட்டோடு மெல்லிய தசையால் இணைந்திருப்பினும், தன் வீட்டைத் தானே சுண்ணத்தால் கட்டுகிறது. அது மடிந்தபின் அந்த வீட்டின்மீது அடுத்த தலைமுறை வீடு கட்டும். இப்படி எழுந்தவையே தீவுகள். மாலைத்தீவின் தலைநகரான மாலேயில் 1658-இல் கட்டி முடிக்கப்பட்ட ஹுகுரு மிஸ்கீ என்னும் ஜும்ஆப் பள்ளி, பவளக்கற்களைச் செதுக்கி ஒன்றோடொன்று பிணைத்து எழுப்பியது. சிற்றுயிர்கள் விட்டுச் சென்ற சுவரின்மீது அரபு எழுத்துகள் பொறிக்கப்பட்டன. இன்றும் அப்பள்ளி நிற்கிறது. நம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலில் மூழ்கிப் போனதற்கு, சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பவளக்கல்லை நெடுநாள் வெட்டியெடுத்தது ஒரு காரணம். 2001-இல்தான் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன.

ஆக, கடல் நமக்கு இருவகைக் கூட்டங்களைக் காட்டுகிறது. இவற்றுள் மனிதர் கூட்டம் எதைப் போன்றது? இக்கேள்வியைத் தூரிகையாலும் பேனாவாலும் எழுப்பியவர்களுள் முதன்மையானவர், ஜெர்மனியின் ஜேனா பல்கலைக்கழகப் பேராசிரியர் எர்ன்ஸ்ட் ஹேக்கல் (1834–1919). அறிவியலையும் ஓவியத்தையும் ஒருங்கே கைக்கொண்டவர் அவர். 1881-ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்து, தென்கரையிலுள்ள வெலிகாமத்தில் சில வாரங்கள் தங்கிக் கடலுயிர்களைச் சேகரித்தார். காலித் துறைமுகத்துப் பவளத் தோட்டங்களைக் கண்டு வியந்து எழுதினார். 1899 முதல் 1904 வரை அவர் வெளியிட்ட 'இயற்கையின் கலை வடிவங்கள்' என்னும் நூலின் 100 ஓவியப் பலகைகளில் நீலச் சொறியின் உறவினங்கள் பூமாலைகள்போலும் தொங்கு விளக்குகள்போலும் காட்சி தருகின்றன. 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியின் பெருவாயிலை வரைந்த கட்டடக் கலைஞர் ரெனே பினே, ஹேக்கல் வரைந்த கடல் நுண்ணுயிர் ஒன்றின் கூட்டையே மாதிரியாகக் கொண்டார் என்றால், அவ்வோவியங்களின் செல்வாக்கை உணரலாம்.

அவ்வழகுக்கு அடியில் ஒரு கோட்பாடும் இருந்தது. 1868-இல் இயற்கையிலும் மனித வாழ்விலும் உள்ள வேலைப் பிரிவினை பற்றி ஹேக்கல் ஒரு சொற்பொழிவாற்றினார். மிதக்கும் கடலுயிர்க் கூட்டத்தை அதில் எடுத்துக்காட்டி, உறுப்பினர் எவ்வளவுக்கு வேலையைப் பிரித்துக்கொள்கின்றனரோ அவ்வளவுக்குக் கூட்டம் உயர்நிலை எய்துகிறது என்றும், மனித அரசும் அத்தகையதே என்றும் விளக்கினார். கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். தச்சனும் கொல்லனும் உழவனும் ஆசிரியனும் இன்றி ஊர் ஏது? ஆயினும் இவ்வுவமையை இறுதிவரை கொண்டு சென்றால், தனி மனிதன் வெறும் உறுப்பாகிவிடுகிறான். உறுப்புக்கு மனம் இல்லை, மறுக்கும் உரிமை இல்லை, பொறுப்பும் இல்லை. எந்த உறுப்பு உயர்ந்தது, எது வெட்டி எறியத்தக்கது என்று கணக்கிடும் துணிவு அடுத்துப் பிறக்கிறது. மனித இனங்களை மேல் கீழ் என அடுக்கி எழுதியவரும் இதே ஹேக்கல்தான். அத்தகைய எழுத்துகள் பின்னர் ஜெர்மனியில் இனவெறியர்க்கு எப்படிப் பயன்பட்டன என்பதை 20-ஆம் நூற்றாண்டின் வரலாறு சொல்லும். கைத்திறன் மிக்க ஓவியர் ஒருவரின் அழகிய உவமை, மனிதனை மறந்தபோது எங்கு கொண்டு விட்டது என்பதை நாம் கருத வேண்டும்.

நம் காலத்தில் அதே கடலை வேறு கண்ணால் நோக்கிய கலைப்பணி ஒன்றும் உண்டு. ஆஸ்திரேலியாவில் பிறந்து லாஸ் ஏஞ்சலஸில் வாழும் இரட்டைச் சகோதரியரான மார்கரெட், கிறிஸ்டீன் வெர்தைம் இருவரும், தம் தாயகத்துப் பவளத்திட்டுகள் வெளிறி அழிவது கண்டு வருந்தி, 2005-இல் குரோஷா ஊசியும் நூலும் கொண்டு ஒரு பவளத்திட்டைப் பின்னத் தொடங்கினர். வரிசைதோறும் கண்ணிகளைச் சீராகக் கூட்டிக்கொண்டே போனால் துணி தட்டையாக நில்லாது. ஓரங்கள் சுருண்டு மடிந்து பவள வடிவம் தானே தோன்றும். 1997-இல் கணிதப் பேராசிரியை டைனா டைமினா ஒரு வடிவியல் பாடத்தை விளக்கக் கண்ட வழி அது. சகோதரியர் விடுத்த அழைப்பு இணையத்தின் வழியாகவும் நாடெங்கும் பரவிற்று. ஒருவரையொருவர் கண்டிராத ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் பெண்கள், தத்தம் வீட்டில் அமர்ந்து பின்னினர். சிகாகோ, லண்டன், லாட்வியா, அபூதபி எனப் பல இடங்களில் கிளைத் திட்டுகள் தோன்றின. 2019-இல் வெனிஸ் நகரத்து உலகக் கலைக் கண்காட்சியிலும் அப்பணி இடம்பெற்றது.

சிற்றுயிர்கள் பல கூடிப் பாறை கட்டுவதுபோல் சிறு கைகள் பல கூடிக் கட்டியதே தம் திட்டு என்று அச்சகோதரியர் விளக்குகின்றனர். ஹேக்கலின் உவமையும் இதுவே அன்றோ என்று ஒருவர் கேட்கலாம். அன்று. இதில் கலந்துகொண்ட ஒவ்வொருவரும் தாமே விரும்பி வந்தவர். அடிப்படை முறை ஒன்றாயினும் தம் விருப்பப்படி மாற்றிப் பின்னியவர். அந்தந்தத் திட்டோடு அதைப் பின்னியவர்களின் பெயர்ப் பட்டியலும் வெளியிடப்படுகிறது. பெயரற்ற உறுப்பாக எவரும் கரைந்துவிடவில்லை.

இத்தகைய கூட்டத்தைக் காண நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. மாமல்லபுரத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில், சோழமண்டலம் கலைக்கிராமம் இருக்கிறது. அவ்வூர் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காலத்தில், 1966-இல், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர் தம் மாணவர்களோடும் தோழர்களோடும் அதை நிறுவினார். ஓவியத்தை மட்டும் நம்பி வாழ இயலாத நாள் அது. ஆகவே அவர்கள் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, வருவாயில் ஒரு பங்கைப் பொதுவில் சேர்த்து நிலம் வாங்கினர். வீடு தனி, பட்டறை தனி, நடை தனி. நிலமும் நோக்கமும் பொது. அங்கு வாழ்ந்தோருள் ஒருவர் ஜே. சுல்தான் அலி (1920–1990). பழங்குடியினரின் கலை வடிவங்களிலிருந்து தம் ஓவியத்திற்கு உரு எடுத்துக்கொண்ட அவருடைய நடை, பக்கத்து வீட்டு ஓவியரின் நடையன்று, பணிக்கரின் நடையுமன்று. நிறுவியவர் 1977-இல் மறைந்தார். முதல் தலைமுறையினர் பலரும் மறைந்தனர். கிராமம் இன்றும் நிற்கிறது. பவளம் கட்டிய வீடு என்று நாம் சொல்வது இதனையே.

இவ்வளவும் எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை இனிச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், நமக்கு அறிமுகமான ஓர் ஊரில், வெள்ள நிவாரணத்திற்குப் பணம் திரட்டிய சிறு கடைக்காரர் ஒருவர் அதில் ஒரு பகுதியைத் தமக்கு எடுத்துக்கொண்டார் என்று கைப்பேசிக் குழு ஒன்றில் செய்தி வந்தது. எழுதியவர் பெயர் அதில் இல்லை. ஒரு பகற்பொழுதுக்குள் ஊர் முழுவதும், வெளிநாட்டிலுள்ள உறவினர் வரையும் அது பரவிவிட்டது. சில வாரங்களுக்குப்பின் கணக்கு பள்ளிவாசலில் படிக்கப்பட்டது. ஒரு ரூபாயும் குறையவில்லை. ஆனால் அதற்குள் அவர் கடையை மூடிவிட்டு மகள் வீட்டிற்குப் போய்விட்டார். செய்தியைத் தொடங்கியவர் யார் என்று பெரியவர்கள் விசாரித்தனர். ஒவ்வொருவரும், "எனக்கு வந்தது, அனுப்பினேன்" என்றனர். எவரும் பொய் சொல்லவில்லை. எவரும் கொட்டவில்லை, ஆனால் ஒரு மனிதர் எரிந்துபோனார்.

நாமும் அச்செய்தியை இருவருக்கு அனுப்பியிருந்தோம். அவரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டபோது, அவர் தேநீர் வரவழைத்துத் தந்துவிட்டு, "நீங்களுமா ஹஜ்ரத்?" என்று மட்டும் கேட்டார். முப்பதாண்டுகளாக ஹதீஸ் கலை கற்பிக்கும் நமக்கு அக்கேள்விக்கு விடை இல்லை.

ஏனெனில், கண்டிராத மனிதர் பலர் கூடிச் செய்தியைக் கடத்தும் கலையை உலகில் எவரினும் நுணுக்கமாக வகுத்தவர் நம் முன்னோர். ஒரு நபிமொழி என்றால் அதன் முன்னே ஒரு பெயர்ச் சங்கிலி நிற்கும். இன்னார் இன்னாரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்று இறுதிவரை பெயர்கள் தொடரும். இஸ்னாத் எனப்படும் அச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஒரு மனிதர். அவர் வாய்மையுடையவரா, நினைவாற்றல் உள்ளவரா, தமக்குச் சொன்னவரை உண்மையில் சந்தித்திருக்க இயலுமா என்பதை ஆராய அஸ்மாஉர் ரிஜால் என்னும் தனிக் கலையே பிறந்தது. நபித்தோழர் வரலாற்றைத் தொகுத்த இமாம் இப்னு ஹஜர் (1372–1449) தம் 'அல்இஸாபா' நூலில் 12,000-க்கும் மேற்பட்ட பெயர்களை எழுதினார். ஒரு கண்ணியில் பெயர் தெரியாவிட்டால் அச்செய்தி வலுவிழக்கும். எனக்கு வந்தது, அனுப்பினேன் என்ற சமாதானம் அவ்வவையில் செல்லாது. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவனைப் பொய்யனாக்கப் போதும் என்னும் கருத்துடைய நபிமொழியை இமாம் முஸ்லிம் தம் தொகுப்பின் முன்னுரையிலேயே வைத்ததன் காரணம் இப்போது நமக்கு நன்கு விளங்குகிறது.

இறைநம்பிக்கையாளரை ஓருடலுக்கு ஒப்பிட்ட நபிமொழி உண்டே, அது ஹேக்கலின் உவமை போன்றதல்லவா என்று நேயர்களுக்கு ஐயம் எழக்கூடும். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் அந்நபிமொழி, ஓர் உறுப்பு நோயுற்றால் மற்ற உறுப்புகளும் உறக்கமின்றித் துன்புறும் என்பதைக் குறித்தது. அன்பிலும் இரக்கத்திலும் ஓருடல். சிந்தனையைத் துறப்பதில் அன்று. நியாயத் தீர்ப்பு நாளில் ஒவ்வொருவரும் தனித்தே வந்து நிற்பர் என்று போதிக்கும் மார்க்கம், கூட்டத்தின் பின்னால் எவரையும் ஒளிய விடுவதில்லை. அந்தக் கடைக்காரருக்காக நம் ஊருடலில் ஓர் உறுப்பும் அன்று உறக்கம் இழக்கவில்லை; அதுவே நம் குறை.

கைப்பேசிக் குழுக்களை வெறுத்து ஒதுக்குமாறு நாம் சொல்லவில்லை. இரத்தம் தேவைப்படும் நோயாளிக்கு நள்ளிரவில் ஆள் திரட்டுவதும், வெள்ளத்தில் சிக்கியோர்க்குப் படகு அனுப்பச் செய்வதும் அவையே. ஒரு குழுவில் சேரும்போது அது காற்று தள்ளும் கூட்டமா, வீடு கட்டும் கூட்டமா என்று பார்ப்பதும், நம் வாயிலுக்கு வந்த செய்தி யார் பெயரோடு வந்தது என்று கேட்பதும் நம் கையில்தான் உள்ளன. பெயரில்லாத செய்தி நம்மோடு நின்றுபோனால் அதனால் எவர்க்கும் இழப்பில்லை.

சென்ற வாடைக் காலத்தில் மீண்டும் மாமல்லபுரம் சென்றோம். அன்றைய இளைய மாணவன் இப்போது வளர்ந்து ஓதிக்கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டான். தன்னோடு சிறுவர் சிலரை அழைத்து வந்திருந்தான். நீலக் குமிழிகள் மணலில் கிடந்தன. சிறுவர்களைத் தொட விடாமல் நிறுத்திவிட்டு, பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் கேட்ட வினாவையே அவர்களிடம் கேட்டான். அவர்கள் விழித்தனர். அவன் நம்மைத் திரும்பிப் பார்த்தான். கடைக்காரரின் பெயரைச் சொல்லாமல், அச்செய்தியை அனுப்பியவர்களுள் ஒருவர் பெயரை மட்டும் சொல்லி, அந்தக் கதையை நாம் அவர்களுக்குச் சொன்னோம். சொன்ன பெயர் நம்முடையது.